வயிற்றுப் பையும் குடல் அழற்சியும்: செஞ்சி வட்டாரம்

குடலின் ஒரு முனையை வயிற்றுச் சுவர் வழியே வெளியே எடுத்துத் தைக்கும் துவாரத்துக்கு ஸ்டோமா என்று பெயர். கழிவு அதன்மேல் ஒட்டிய பையில் சேரும். 'வயித்துல பை வெச்சிருக்காங்க' என்பது ஊர்ப்பேச்சு. மருந்துக்கு அடங்காத அல்சரேட்டிவ் கொலைட்டிஸ், குரோன் ஆகிய அழற்சி நோய்களுக்கும் இது தேவைப்படுவதுண்டு. பை வைத்ததும் நோய் தீர்ந்தது என்பது பாதி உண்மையே. கொலைட்டிஸில் பெருங்குடலையும் மலக்குடலையும் முழுதாக அகற்றினால் அந்த அழற்சிக்கு இடமில்லை. குரோனோ வாய் முதல் ஆசனவாய் வரை எங்கும் வரும். ஸ்டோமாவுக்கு மேலுள்ள சிறுகுடலிலேயே மறுபடி மூளலாம்.

அப்படி மூளுவது பெரும்பாலும் வீட்டில்தான். செஞ்சியில் அரசு மருத்துவமனை இருந்தாலும், இத்தகைய சிகிச்சைக்கு முண்டியம்பாக்கம் மருத்துவக் கல்லூரியோ புதுச்சேரி ஜிப்மரோதான் கதி. அறுவை எப்போதோ ஒருமுறை. பை மாற்றுவதோ சில நாளுக்கொருமுறை. சித்திரை வெயிலில் வியர்வை பட்டுப் பசை விட்டுப்போகும். ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் நெல் மூட்டை தூக்குபவருக்கு ஸ்டோமாவைச் சுற்றிக் குடலிறக்கம் வரும் ஆபத்து அதிகம். சிறுகுடல் ஸ்டோமாவில் வழக்கமாக நாளுக்கு ஒரு லிட்டருக்குள் வெளியேறுவது, நோய் மூண்டால் ஒன்றரை லிட்டரைத் தாண்டிவிடும். தாகத்துக்கு வெறும் தண்ணீராகக் குடித்தால் போக்கு கூடி, உடம்பின் உப்பு இன்னும் கரையும். தேவைப்படுவது உப்பும் சர்க்கரையும் அளவாகச் சேர்ந்த கரைசல். 1971இல் வங்க அகதிகள் முகாமில் திலீப் மகாலனாபிஸ் காலராவுக்குக் கொடுத்து உயிர்களைக் காத்த அதே வழி. இதைச் சொல்லித்தர, பக்கத்திலேயே பயிற்சி பெற்ற ஒரு செவிலியர் வேண்டும்.

ஒரு சிற்றூரில் இப்படி எத்தனை பேர் இருந்துவிடப் போகிறார்கள் என்று கேட்கலாம். வீட்டிலேயே டயாலிசிஸ் செய்துகொள்ளும் சிறுநீரக நோயாளிகளும் சிலரே. ஆனாலும் 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் அவர்களுக்கான திரவப் பைகளை வீட்டுக்கே கொண்டுபோகிறது. அதே வண்டியில் ஸ்டோமா பை ஏறுவதற்குத் தடையேதும் தெரியவில்லை. வேலை செய்யக்கூடியவருக்கு எதற்கு உதவி என்பது இன்னொரு வாதம். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிடும் 21 குறைபாடுகளில் ஸ்டோமா இல்லை என்பதையும் சிலர் சுட்டலாம். ஆனால் அவரை வேலைக்கு அனுப்புவதே அந்தப் பைதான். அது தீர்ந்து, பழந்துணியைக் கட்டிக்கொண்டால், சிறுகுடல் நீர் பட்டுச் சில மணி நேரத்திலேயே தோல் வெந்துபோகும். வெந்த தோலில் அடுத்த பை ஒட்டாது.