பொறி இல்லாத பொறி

ஒரு திறந்த திடலை மனத்தில் நினைத்துக்கொள்ளுங்கள். நடுவில் ஒரு மாதிரி ஹெலிகாப்டர் நிற்கிறது. மேலே ஒன்றரை மீட்டர் அகலத்துக்குச் சுழலும் இறக்கை. வயிற்றுப் பகுதியில் 10 கன சென்டிமீட்டர் கொள்ளளவுள்ள ஒரு குட்டி என்ஜின். அதற்கு உரியவர் கையில் மின் ஸ்டார்ட்டரை வைத்துக்கொண்டு என்ஜினைச் சுற்றுகிறார். விர்ரென்று சுற்றுகிறது, ஸ்டார்ட்டரை எடுத்ததும் நின்றுவிடுகிறது. மறுபடி சுற்றுகிறார். மறுபடியும் நிற்கிறது. பத்தாவது முறை ஸ்டார்ட்டரே சுழல மறுத்து ‘டக்’ என்று முட்டிக்கொள்கிறது. அவருக்குப் பொறுமை போய்விட்டது. இன்னும் பலமாக அழுத்தப் போகிறார்.

அவர் கையைப் பிடித்து நிறுத்துங்கள். அந்த ஒரு அழுத்தத்தில் என்ஜினின் இணைப்புத் தண்டு வளைந்துவிடக்கூடும். ஏன் என்பதைப் பிறகு பார்ப்போம். முதலில், இந்தக் குட்டி என்ஜின் எதனால் பற்றுகிறது என்று தெரிய வேண்டும். அது தெரியாமல் பழுதைத் தேடுவது இருட்டில் ஊசி தேடுவதுதான்.

ஸ்கூட்டர் என்ஜினில் தீப்பொறியை உண்டாக்கும் பிளக் இருப்பது உங்களுக்குத் தெரியும். இந்த என்ஜினிலும் தலையில் ஒரு பிளக் திருகப்பட்டிருக்கிறது. ஆனால் கழற்றிப் பார்த்தால் பொறி பாயும் இடைவெளியே இராது. ஒரு சிறு குழிக்குள் மயிரிழை போன்ற கம்பிச்சுருள் ஒன்று மட்டும் இருக்கும். இதற்குக் குளோ பிளக் என்று பெயர். தொடக்கத்தில் ஒன்றரை வோல்ட் மின்கலத்தால் சுருளைப் பழுக்கக் காய்ச்சுகிறோம். என்ஜின் ஓடத் தொடங்கியதும் மின்கலத்தைக் கழற்றிவிடுகிறோம். அதன் பிறகும் சுருள் கனன்றுகொண்டே இருக்கிறது. மின்சாரம் இல்லாமல் எப்படி?

இதற்கு விடை தேடி நாம் 200 ஆண்டுகளுக்கு மேல் பின்னோக்கிப் போக வேண்டும். இங்கிலாந்தில் நிலக்கரிச் சுரங்கங்களுக்கான காப்பு விளக்கை 1815-இல் அமைத்த ஹம்ப்ரி டேவி, தீப்பற்றும் வாயுக்களைப் பற்றித் தொடர்ந்து ஆராய்ந்து வந்தார். சூடான பிளாட்டினக் கம்பியை, எரிவாயுவும் காற்றும் கலந்த கலவைக்குள் அவர் நுழைத்தார். சுடர் எதுவும் இல்லை. ஆனாலும் கம்பி செக்கச் செவேலென்று கனன்றது. வாயு தீரும்வரை கனன்றுகொண்டே இருந்தது. ஈதர் ஆவியிலும் அப்படியே நடந்தது. இதை அவர் 1817-இல் வெளியிட்டார். 1823-இல் ஜெர்மனியின் யேனா நகரில் டோபரைனர் என்ற வேதியியலார் ஒரு படி மேலே போனார். பஞ்சு போன்ற பிளாட்டினத்தின் மீது ஹைட்ரஜனைப் பாய்ச்சியதும் அது தானே தீப்பற்றியது. தீக்குச்சி பரவுவதற்கு முந்திய காலம் அது. ஆகவே இந்த வித்தையை வைத்து அவர் செய்த விளக்கேற்றிகள் நன்றாக விலைபோயின. தான் செலவாகாமல் மாற்றத்தை மட்டும் விரைவுபடுத்தும் இத்தகைய செயலுக்கு 1835-இல் பெர்சீலியஸ் சூட்டிய பெயரைத்தான் நாம் தமிழில் வினையூக்கம் என்கிறோம்.

ஆக, மின்கலம் இல்லாமல் கம்பி கனல்வதற்கான விஞ்ஞானம் அப்போதே தயார். ஆனால் அதை என்ஜினின் தலையில் வைக்க வேண்டும் என்று தோன்ற 100 ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. அந்த இடைக்காலத்தில் மாதிரி விமானக்காரர்கள் பட்ட பாடு கொஞ்சமன்று.

1901-இல் அமெரிக்காவில் சாமுவேல் லாங்லி, தாம் கட்டத் திட்டமிட்ட பெரிய விமானத்தின் கால்பங்கு அளவில் ஒரு மாதிரி செய்து, பெட்ரோல் என்ஜினால் பறக்கவிட்டார். ரைட் சகோதரர்கள் பறந்தது 1903-இல் என்பதை நினைத்துப் பாருங்கள். பெட்ரோலில் முதலில் பறந்தது குழந்தைதான், தாயன்று! 1914-இல் இங்கிலாந்தில் டேவிட் ஸ்டேஞ்சர் என்பவரின் மாதிரி விமானம் 51 விநாடி பறந்தது. இந்தச் சாதனையை முறியடிக்க 18 ஆண்டுகள் பிடித்தன. காரணம் இறக்கை அன்று. என்ஜினும், அதைவிட முக்கியமாக அதன் பற்றவைப்புச் சாதனங்களும்தான்.

தீப்பொறி வேண்டுமானால் ஒரு பிளக் மட்டும் போதுமா? மின்கலங்கள் வேண்டும், மின்னழுத்தத்தை உயர்த்தத் தூண்டு சுருள் வேண்டும், மின்தேக்கி வேண்டும், சரியான கணத்தில் மின்னோட்டத்தைத் துண்டிக்கும் முனைகள் வேண்டும். இத்தனை மூட்டையையும் பொம்மை விமானம் சுமக்க வேண்டும். 1930-களின் தொடக்கத்தில் பிலடெல்ஃபியாவில் பில் பிரவுன் என்ற இளைஞர் ஏறக்குறைய 10 கன சென்டிமீட்டரில் ஓர் எளிய என்ஜினைச் செய்தார். அவருடைய நண்பர் மாக்ஸ்வெல் பாசெட் அதைத் தம் மாதிரியில் பொருத்தி 1933-இன் தேசியப் போட்டியில் ரப்பர் முறுக்கில் பறந்த மாதிரிகளையெல்லாம் தோற்கடித்தார். 1934 முதல் ‘பிரவுன் ஜூனியர்’ என்ற பெயரில் அந்த என்ஜின் விற்பனைக்கு வந்தது. விலை 21 டாலர் 50 சென்ட். பொருளாதார மந்த காலத்தில் ஒரு பையனுக்கு அது சிறிய தொகை அன்று. அத்தனை கொடுத்து வாங்கியும், முனையில் கொஞ்சம் எண்ணெய் படிந்தாலோ, சுருளில் ஈரம் ஏறினாலோ, மின்கலம் சற்று இளைத்தாலோ விமானம் கிளம்பாது. இன்னொரு தொல்லையும் உண்டு. ஒவ்வொரு பொறியும் ஒரு குட்டி வானொலி நிலையம்! வானொலிக் கட்டுப்பாட்டில் பறக்கும் மாதிரியில் அந்த இரைச்சல் ஏற்பியைக் குழப்பிவிடும்.

ஐரோப்பாவில் வேறொரு வழி பிறந்தது. பிளக்கே இல்லாமல், ஈதர் கலந்த எரிபொருளைக் கடுமையாக அமுக்கியே பற்றவைக்கும் என்ஜின்கள் 1940-களின் தொடக்கத்தில் சுவிட்சர்லாந்திலிருந்து வந்து பரவின. நல்ல என்ஜின்கள்தாம். ஆனால் நம் கதை நடப்பது அமெரிக்காவில். நியூயார்க்கைச் சேர்ந்த ரே ஆர்டென் 1947-இல் குளோ பிளக்கைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். சுருள், மின்தேக்கி, முனைகள், மின்கலம் எல்லாம் விமானத்திலிருந்து இறங்கிவிட்டன. மின்கலம் மட்டும் பறக்கவிடுபவரின் பெட்டியில் தங்கிவிட்டது. சில ஆண்டுகளுக்குள் பொறி என்ஜின்கள் பெரும்பாலும் ஒதுங்கிப் போயின.

அந்தச் சுருள் பிளாட்டினக் கலவையால் ஆனது. எரிபொருள் பெட்ரோல் அன்று, மெத்தில் ஆல்கஹால். பிளாட்டினத்தின் மீது மெத்தில் ஆல்கஹால் ஆவி பட்டால் டேவி கண்ட அதே மாயம் நிகழ்கிறது. ஒரு வெடிப்பின் வெப்பமும் வினையூக்கத்தின் வெப்பமும் சேர்ந்து அடுத்த வெடிப்புவரை சுருளை அணையாமல் காக்கின்றன. எரிபொருளோடு மசகுக்காக நம் ஆமணக்கெண்ணெயைக் கலப்பதும் உண்டு. பெட்ரோலில் சரியாகக் கரையாத இந்த எண்ணெய் மெத்தில் ஆல்கஹாலில் நன்றாகக் கரையும். கொஞ்சம் நைட்ரோமீத்தேனும் சேர்ப்பார்கள். என்ஜின் சீராக ஓடவும் கூடுதல் வலிமைக்கும் அது உதவும்.

ஆர்டெனுடைய கண்டுபிடிப்பை எல்லாரும் வரமாகவே சொல்வார்கள். பெருமளவு அது உண்மைதான். ஆனால் என் கணிப்பில் அவர் பழுதுகளை ஒழிக்கவில்லை, ஒளித்து வைத்தார். பழைய என்ஜினில் பிளக்கைக் கழற்றி உலோகத்தில் சாய்த்துப் பிடித்தால் பொறி வருகிறதா என்று கண்ணால் பார்க்கலாம். எப்போது பற்ற வேண்டும் என்பதை நெம்புகோலால் மாற்றலாம். குளோ பிளக்கில் அந்த நெம்புகோல் இல்லை. சுருளின் சூடு, அமுக்கம், எரிபொருளின் தன்மை, காற்றுக் கலவை எல்லாம் கூடிப் பேசித்தான் பற்றும் கணத்தை முடிவு செய்கின்றன. சில சமயம் முன்கூட்டியே பற்றி என்ஜின் தலைகீழாகவே சுழலத் தொடங்கிவிடும்!

ஹெலிகாப்டரில் இந்தத் தொல்லை இரட்டிப்பாகிறது. ஜெர்மானியப் பொறியாளர் டீட்டர் ஷ்லூட்டர் 1960-களின் இறுதியில் பல முயற்சிகளுக்குப் பிறகு வானொலியால் கட்டுப்படும் மாதிரி ஹெலிகாப்டரை நிலையாகப் பறக்கவைத்தார். 1970-இல் அவருடைய ‘கோப்ரா’ 11.5 கிலோமீட்டர் பறந்து சாதனை படைத்தது. விமான என்ஜினின் முன்னால் உந்து விசிறி இருக்கும். அதை விரலால் தட்டியே கிளப்பலாம், அதன் காற்றே என்ஜினைக் குளிர்விக்கும். ஹெலிகாப்டரின் என்ஜினோ உடலுக்குள் அடைபட்டுக் கிடக்கிறது. குளிர்விக்கத் தனி விசிறி, கிளப்ப வாரோ கூம்போ கொண்ட மின் ஸ்டார்ட்டர், வேகம் கூடினால் மட்டும் இறக்கையைப் பற்றிக்கொள்ளும் கிளட்ச் என்று புதுப்புது உறுப்புகள் சேர்ந்தன. விரலால் தட்டும்போது என்ஜினின் மனநிலை விரலுக்குத் தெரியும். ஸ்டார்ட்டர் அதை மறைத்துவிடுகிறது.

இப்போது திடலுக்குத் திரும்புவோம். ஸ்டார்ட்டர் ஏன் முட்டிக்கொண்டது? பத்து முறை சுற்றியபோதெல்லாம் எரிபொருள் உள்ளே போய்க்கொண்டிருந்தது; எரியவில்லை. எரிபொருள் கலம் கார்புரேட்டரைவிட உயரத்தில் இருந்தால் சும்மா நிற்கும்போதுகூட அது வழிந்து நிரம்பும். காற்றை அமுக்கலாம், திரவத்தை அமுக்க முடியாது. பிஸ்டன் மேலேறும்போது அதன் தலையில் இடிப்பது கல் போன்ற திரவம். இந்த நிலையில் ஸ்டார்ட்டரை அழுத்தினால் வளைவது இரும்பும் அலுமினியமும்தான்.

ஆகவே பிளக்கைக் கழற்றுங்கள். மின்கலத்தைப் பிளக்கில் சேர்க்காமல், முகத்தை விலக்கிக்கொண்டு என்ஜினைச் சுற்றினால் துளை வழியே எரிபொருள் பீய்ச்சியடிக்கும். அருகில் நெருப்பு வேண்டாம். மெத்தில் ஆல்கஹாலின் சுடர் பகல் வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரியாது. கை சுட்ட பிறகுதான் தெரியும். விஷச் சாராயச் சாவுகளில் நாம் கேள்விப்படும் பொருளும் இதுவே. வாயால் உறிஞ்சிக் குழாயில் ஏற்றுவது கூடவே கூடாது.

பிளக்கை மின்கலத்தில் இணையுங்கள். சுருள் முழுவதும் பிரகாசமான ஆரஞ்சு நிறத்தில் கனல வேண்டும். மங்கினால் பெரும்பாலும் குற்றவாளி மின்கலம். குளோ பிளக் ஏறக்குறைய 3 ஆம்பியர் கேட்கும். இளைத்த கலத்தில் வோல்ட் இருக்கும், ஆம்பியர் இராது. இதில் ஒரு சூட்சுமமும் உண்டு: வெளியே நன்றாகக் கனலும் சுருள், உள்ளே ஈரத்தில் நனைந்து அணைந்து கிடக்கலாம். இதைக் காண ஆம்பியர்மானி கைகொடுக்கும். பிளாட்டினம் குளிர்ந்திருந்தால் மின்தடை குறைவு. ஆகவே முள் வழக்கத்தைவிட உயர்ந்து நின்றால் சுருள் நனைந்திருக்கிறது என்று பொருள். அசையாமலே கிடந்தால் சுருளோ இணைப்போ அறுந்திருக்கிறது.

பிளக் சரியாக இருந்தும் கிளம்பவில்லையா? குழாயைப் பாருங்கள். எரிபொருள் கார்புரேட்டர்வரை ஏறுகிறதா? ஊசி வால்வைத் தயாரிப்பாளர் சொன்ன அளவுக்குத் திறந்திருக்கிறீர்களா? ஏறவில்லை என்றால் கலத்தினுள் உள்ள குழாயில் விரிசல் இருக்கலாம், மசியெண்ணெய் அடைத்திருக்கலாம். போன மாதம் மூடி சரியாக இறுகாத பழைய எரிபொருளாக இருந்தால், வேறு தேடாமல் அதை மாற்றிவிடுங்கள். மெத்தில் ஆல்கஹால் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும்; தண்ணீர் கலந்த எரிபொருளில் எந்த பிளக்கும் திணறும்.

கிளப்பும்போது கார்புரேட்டரின் கட்டுப்பாடு கீழ் நிலையில்தான் இருக்க வேண்டும். மேல் நிலையில் இருந்து என்ஜின் பற்றிவிட்டால் கிளட்ச் உடனே பிடித்துக்கொள்ளும். ஒன்றரை மீட்டர் இறக்கை உங்கள் முகத்தருகே சுழலும். ஒரு கையால் இறக்கைத் தலையை இறுகப் பிடித்துக்கொண்டு மறுகையால் ஸ்டார்ட்டரை இயக்குவதே வழக்கம்.

2000-க்குப் பிறகு மின்மோட்டாரும் லித்தியம் மின்கலமும் இந்தக் குட்டி என்ஜின்களைப் பெரும்பாலும் ஓரங்கட்டிவிட்டன. மின்மோட்டார் கிளம்ப மறுப்பதில்லை என்று சொல்வார்கள். மறுத்தால் திறந்து பார்க்கவும் அதில் அதிகம் இல்லை. பழைய என்ஜினை இன்னும் வைத்திருப்பவர்கள், பறந்து முடித்ததும் எரிபொருள் குழாயை விரலால் நசுக்கி, உள்ளே உள்ளது தீரும்வரை ஓடவிட்டு நிறுத்துகிறார்கள். இல்லாவிட்டால் மிச்சமான எரிபொருள் ஈரத்தை இழுத்து பேரிங்குகளைத் துருப்பிடிக்க வைக்கும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பிளக்கையும் மின்கலத்தையும் எத்தனை முறை மாற்றினாலும் அந்த என்ஜின் கிளம்பாது.