கழுத்துச் சீட்டும் கைத்தொழிற் சான்றும்

ஒருவர் கற்ற தொழில் அவரோடு கடல் கடந்துவிடும். அத்தொழிலை அவர் கற்றார் என்னும் செய்தியும் உடன் கடக்குமா? அந்தமான் தீவுகளின் வரலாறு இவ்வினாவுக்கு விடை தருகிறது.

1858 மார்ச்சு 10-ஆம் நாள், மருத்துவர் ஜேம்ஸ் பாட்டிசன் வாக்கர் 200 கைதிகளோடு இங்கு வந்திறங்கினார். அவர்களைத் தொடர்ந்து பல்லாயிரவர் வந்தனர். பின்னாளில் கைதிகள் கழுத்தில் மரச்சீட்டு ஒன்று தொங்கியது. கைதியின் எண், சட்டப் பிரிவு, தீர்ப்பு நாள், விடுதலை நாள் ஆகியவை அதில் இருந்தன. அவன் தச்சனா, கொல்லனா, ஏடறிந்தவனா என்பதை அச்சீட்டுக் கூறவில்லை. குற்றம் ஊரறிய விளங்கிற்று. வித்தை மறைந்து நின்றது. கைவினைஞரை ஆட்சியாளர் பயன்படுத்திக்கொண்டனர் என்பது உண்மையே. ஆயினும் 1906-இல் கட்டிமுடிந்த செல்லுலார் சிறையில் கல்லூரி கண்ட இளைஞரும் செக்கிழுத்தனர், நார் உரித்தனர்.

1933-இல் அரசியற் கைதிகள் உண்ணாநோன்பு மேற்கொண்டனர். மகாவீர் சிங் உள்ளிட்ட மூவர் உயிர் நீத்தனர். அத்தியாகத்தின் பயனாக விளக்கும் நூல்களும் கிடைத்தன. சிறைக்குள்ளேயே வகுப்புகள் தோன்றின. அறிந்தவர் கற்பித்தார்; அறியாதவர் கற்றார். யாருக்கு எது தெரியும் என்று அறிந்தாலன்றி இத்தகைய ஏற்பாடு நடவாது. மரச்சீட்டு கேளாத வினாவைக் கைதிகளே ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டனர்.

விடுதலைக்குப் பின் அவ்வினாவை நாடே கேட்டது. 1950-இல் கைவினைஞர் பயிற்சித் திட்டம் தொடங்கிற்று. 1956-இல் தொழிற்பயிற்சிக்கான தேசிய மன்றம் அமைந்தது. பாடத்திட்டமும் தேர்வும் பொதுவாயின. ஓரிடத்துச் சான்று நாடெங்கும் செல்லலாயிற்று. 1967-இல் போர்ட் பிளேரில் தோன்றிய அரசுக் கல்லூரியும் கடலுக்கு அப்பாலுள்ள பல்கலைக்கழகத்தோடு இணைந்தே பட்டம் அளித்து வந்தது. 2013-இல் வந்த தேசியத் திறன் தகுதிக் கட்டமைப்பு, பள்ளிக் கல்வியையும் தொழிற்பயிற்சியையும் ஒரே படிவரிசையில் நிறுத்தியது.

இன்று ஸ்ரீ விஜயபுரம் எனப்படும் அந்நகரிலும் பிற மாநிலங்களிலும் வாழும் தமிழருள், தந்தையிடம் கொத்து வேலையும் மாமனிடம் தச்சு வேலையும் கற்றவர் பலர். அவர்கள் கையில் தாள் இல்லை. முன்னரே பெற்ற திறனைச் சோதித்துச் சான்றளிக்கும் முறையும் இப்போது உண்டு. அதனை நாடிப் பெறுவது நம் கடமை. கைத்திறன் ஊமையன்று, அதற்காகப் பேச ஒரு தாள் வேண்டும், அவ்வளவே.