சிவப்புப் புள்ளிகளின் கதை

2000ஆம் ஆண்டையொட்டி மென்பொருள் மேடைகளில் ஒரு படம் அடிக்கடி திரையில் வந்துபோனது. அப்பாச்சி டாம்கேட் என்ற சர்வரின் நிரல் அதில் வரிசை வரிசையான பட்டைகளாக நின்றது. எக்ஸ்எம்எல்லைப் படித்துப் பிரிக்கும் வரிகளுக்குச் சிவப்பு பூசியபோது, சிவப்பு ஒரே பட்டைக்குள் அடங்கியது. யூஆர்எல் பொருத்திப் பார்க்கும் வரிகளுக்குப் பூசியபோது இரண்டு பட்டைகளில் முடிந்தது. அடுத்தது லாகிங், அதாவது நடப்பதையெல்லாம் குறித்துவைக்கும் வேலை. அதற்குப் பூசியதும் அம்மை வார்த்த உடம்பு போல எல்லாப் பட்டையிலும் சிவப்புப் புள்ளிகள்.

அந்தப் படத்தைக் காட்டியவர்கள், கலிஃபோர்னியாவின் ஜெராக்ஸ் பார்க் ஆய்வகத்தில் கிரெகர் கிக்சாலெஸ் தலைமையில் இயங்கிய குழுவினர். லாகிங், அனுமதிச் சோதனை, பரிவர்த்தனையைத் தொடங்கி முடிப்பது போன்ற வேலைகளுக்கு நிரலில் சொந்த வீடு கிடையாது. எந்த வீட்டுக்குப் போனாலும் திண்ணையில் உட்கார்ந்திருக்கும். இவற்றைத் தனியே பிரித்து எழுதலாம் என்று 1997இல் ஃபின்லாந்தில் நடந்த இகூப் மென்பொருள் மாநாட்டில் இக்குழு ஒரு கட்டுரை வாசித்தது. பிரித்து எழுதியதற்கு ‘ஆஸ்பெக்ட்’ என்றும், அதை நிரலோடு மீண்டும் சேர்க்கும் கருவிக்கு ‘வீவர்’, அதாவது நெசவாளர், என்றும் பெயர்.

இந்த எண்ணத்திலிருந்து பிறந்த ஆஸ்பெக்ட்ஜே மொழியின் முதல் முழுப் பதிப்பு 2001இல் வந்தது. அதில் ‘பாயின்ட்கட்’ எங்கே நுழைவது என்று சொல்லும். ‘அட்வைஸ்’ நுழைந்தபின் என்ன செய்வது என்று சொல்லும். பெயர் ‘செட்’ என்று தொடங்கும் மெத்தடுகள், அதாவது நிரலின் செயல் துண்டுகள், எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு வரி குறித்துவை என்று ஓரிடத்தில் எழுதினால் போதும்.

இதே காலத்தில் ஆவணக்காரர்களின் உலகத்திலும் ஒரு மாற்றம் நடந்துகொண்டிருந்தது. 1998 பிப்ரவரியில் இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு, ஆவணத்தின் பகுதிகளைக் குறிச்சொற்களால் மரம்போல் அடுக்கும் எக்ஸ்எம்எல்லை வெளியிட்டது. அதை வேறு வடிவத்துக்கு மாற்றும் மொழியான எக்ஸ்எஸ்எல்டியும், ஆவண மரத்தில் கிளையையும் இலையையும் சுட்டிக்காட்டும் எக்ஸ்பாத்தும் 1999 நவம்பர் 16 அன்று ஒரே நாளில் வந்தன. எக்ஸ்எஸ்எல்டியின் பதிப்பாசிரியர் ஜேம்ஸ் கிளார்க். அந்த மொழியில் எழுதும் நிரல் மேலிருந்து கீழே ஓடும் கட்டளைப் பட்டியல் அல்ல. தலைப்பைக் கண்டால் இதைச் செய், அடிக்குறிப்பைக் கண்டால் அதைச் செய் என்ற விதிகளின் தொகுப்பு. எல்லாவற்றையும் உள்ளபடியே நகலெடு என்று ஒரு விதியும், அடிக்குறிப்பை மட்டும் விட்டுவிடு என்று இன்னொரு விதியும் எழுதினால், ஆயிரம் பக்கப் புத்தகத்திலும் அடிக்குறிப்புகள் மட்டும் காணாமல் போகும்.

இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தவர்களுக்கு முகச்சாயல் தெரிந்திருக்கும். எக்ஸ்எஸ்எல்டி விதியின் ‘மேட்ச்’ பகுதி பாயின்ட்கட்டின் வேலையைச் செய்கிறது, உள்ளடக்கம் அட்வைஸின் வேலையை. ஆஸ்பெக்ட்ஜேயில் ‘ப்ரொசீட்’ என்றால், நுழைந்த இடத்தில் முன்பிருந்த வேலை தொடரும். எக்ஸ்எஸ்எல்டியில் ‘அப்ளை இம்போர்ட்ஸ்’ என்றால், கீழே இருக்கும் பழைய விதி தன் பங்கைச் செய்யும். நார்மன் வால்ஷ் தொடங்கிய டாக்புக் ஸ்டைல்ஷீட்களை, அதாவது நூல்களையும் கையேடுகளையும் வடிவமைக்கும் எக்ஸ்எஸ்எல்டி கோப்புகளை, பயன்படுத்தியவர்கள் இப்படித்தான் வேலை செய்தார்கள். மூலக் கோப்புகளைத் தொடாமல், மேலே ஒரு சிறு அடுக்கு எழுதித் தங்களுக்கு வேண்டியதை மட்டும் மாற்றிக்கொண்டார்கள்.

அப்படியானால் நிரலையே எக்ஸ்எம்எல்லாக்கி, எக்ஸ்எஸ்எல்டியை நெசவாளராக்கினால் என்ன?

அதற்கு வழிவிட்ட முயற்சிகளில் ஒன்று ஜாவாஎம்எல். கிரெக் பாட்ரோஸ் 2000இல் ஆம்ஸ்டர்டாமில் நடந்த உலகளாவிய வலை மாநாட்டில் இதை முன்வைத்தார். ஐபிஎம்மின் ஜைக்ஸ் கம்பைலரைச் சற்றே மாற்றி, ஜாவா நிரலை எக்ஸ்எம்எல் மரமாக வெளியே எடுத்தார். மரமாகிவிட்டால், எல்லா மெத்தடுகளின் தொடக்கத்திலும் ஒரு லாகிங் வரியைச் செருக எக்ஸ்எஸ்எல்டி விதி ஒன்று போதும். மரத்தைத் திரும்ப ஜாவாவாக்கவும் எக்ஸ்எஸ்எல்டியே உதவியது.

ஆனால் சாயல் ஓர் இடத்தில் நின்றுவிடுகிறது. இந்த மெத்தட் எதற்குள் எழுதப்பட்டிருக்கிறது என்று எக்ஸ்பாத்தைக் கேட்டால் சொல்லும். ஓடும்போது யார் அழைத்து இங்கே வந்தோம் என்று கேட்டால் அதற்குத் தெரியாது. எழுத்தைப் பார்க்கிறதே தவிர ஓட்டத்தைப் பார்ப்பதில்லை. ஆஸ்பெக்ட்ஜேயின் ‘சிஃப்ளோ’ அந்த ஓட்டத்தையே பார்க்கும்.

எழுத்தே ஓட்டமாக இருந்த ஓர் இடத்தில் ஆஸ்பெக்ட், எக்ஸ்எம்எல் கூட்டணி நன்றாகப் பொருந்தியது. பல இணையச் சேவைகளைக் கோத்து ஒரு தொழில்நடைமுறையை எழுத 2002இல் ஐபிஎம், மைக்ரோசாஃப்ட், பிஇஏ நிறுவனங்கள் கொண்டுவந்த மொழி பிபெல். பிபெல் நிரல் முழுக்க முழுக்க ஓர் எக்ஸ்எம்எல் ஆவணம். எந்திரம் அந்த மரத்தை அப்படியே நடத்திச் செல்லும். விமான டிக்கெட் எடுப்பது ஒரு கிளை, ஓட்டல் அறை பிடிப்பது இன்னொரு கிளை. ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் அனிஸ் சார்ஃபி, மீரா மெசினி இருவரும் 2004இல் ஏஓ4பிபெல் மொழியை முன்வைத்தார்கள். அதில் பாயின்ட்கட்டை எழுத எக்ஸ்பாத், அட்வைஸை எழுத பிபெல். வெளிச்சேவையை அழைக்கும் கிளைகளை எல்லாம் ஒரே எக்ஸ்பாத் வரியால் பிடித்து, ஒவ்வோர் அழைப்புக்கும் கட்டணக் கணக்கை ஏற்ற முடிந்தது. நடைமுறை ஓடிக்கொண்டிருக்கும்போதே விதியைச் சேர்க்கவும் எடுக்கவும் முடிந்தது.

ஆஸ்பெக்ட்ஜே, எக்ஸ்எஸ்எல்டி ஆகிய இரு வீட்டுக்கும் பொதுவான நோயும் ஒன்று உண்டு. யாரோ ‘செட்’ என்ற பெயரை ‘அப்டேட்’ என்று மாற்றுகிறார்கள். அல்லது ஆவணத்தில் புதிதாக ஓர் உறைக் குறிச்சொல்லைச் சேர்க்கிறார்கள். பிழைச் செய்தி எதுவும் வராது. விதி மட்டும் சத்தமில்லாமல் வேலையை நிறுத்திவிடும். ‘ஒடியும் பாயின்ட்கட்’ என்று ஆய்வாளர்கள் இதைப் பேசினார்கள். நிரல் எழுதும் மென்பொருளான எக்லிப்ஸில் ஆஸ்பெக்ட்ஜேக்கு வந்த ஏஜேடிடி கருவி, அட்வைஸ் நுழையும் வரிகளின் ஓரத்தில் சிறு அம்புக்குறி போட்டுக் காட்டியது.

அன்றாட நிரலாளருக்கு இந்தக் கூட்டணி வேறு வடிவில் வந்து சேர்ந்தது. ஜாவா நிரல்களுக்கான கட்டமைப்பான ஸ்பிரிங்கின் 2006இல் வந்த 2.0 பதிப்பில், எக்ஸ்எம்எல் அமைப்புக் கோப்புக்குள்ளேயே ஆஸ்பெக்ட்ஜேயின் பாயின்ட்கட்டை எழுதலாம். நிரலுக்கு வெளியே ஒரே கோப்பில் உட்கார்ந்து, நூறு கிளாஸ்களுக்குப் பரிவர்த்தனைக் காவல் போட்டார்கள். கோப்பு ஆயிரக்கணக்கான வரிகளாக நீண்டபோது எக்ஸ்எம்எல் மேல் சலிப்பு வந்தது. நிரலின் தலையில் எழுதும் குறிப்பாக ஜாவா 5 கொண்டுவந்த அனோட்டேஷன் பக்கம் பலர் சாய்ந்தார்கள். இன்று வங்கி மென்பொருளில் பணம் மாற்றும் மெத்தடின் தலையில் ‘டிரான்சாக்‌ஷனல்’ என்ற ஒற்றைச் சொல்லை எழுதினால் போதும். தொடங்குவதும் முடிப்பதும், தவறினால் திருப்புவதும் பின்னாலிருக்கும் ஆஸ்பெக்ட்டின் பொறுப்பு. அந்தச் சொல்லுக்குச் சிவப்பு பூசி டாம்கேட் படத்தைப் போல் ஒரு படம் வரைந்தால், முன்பு பத்து வரி இருந்த இடத்தில் இப்போது ஒரு சொல்தான். ஆனால் புள்ளிகள் மறுபடி எல்லாப் பட்டையிலும் இருக்கும்.