தோட்டப் பாடல்களில் விடுதலை வேட்கை

மலாயாவில் குடியேறிய தமிழரின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் அரசாங்க அறிக்கைகளையே நாடுவர். வந்தவர் எத்தனை பேர், பெற்ற கூலி எவ்வளவு என்பன அவற்றில் உண்டு. வந்தவர் எதை நாடி வந்தார் என்பதைச் சொல்வன தோட்டத்துப் பாடல்களே.

1909இல் இருப்புப் பாதை ஜொகூர் பாரு வரை நிறைவெய்தியது. குளுவாங், லாபிஸ், சிகாமட் வட்டாரங்களில் காடுகள் அழிந்து ரப்பர்த் தோட்டங்கள் எழுந்தன. 1910இல் ஒப்பந்தக் கூலி முறை மலாயாவில் நின்றது. ஆள் சேர்க்கும் பணி பெரிதும் கங்காணியின் கைக்கு வந்தது. தன் ஊருக்கே சென்று உற்றார் அயலாரை அழைத்து வந்த அவருக்கு, வேலைக்கு இறங்கிய ஆள் கணக்கில் தலைக்காசு கிடைத்தது.

பாடல்களை வரிசைப்படுத்திக் கேட்டால் ஓர் உண்மை புலப்படும். கப்பல் ஏறும்போது விடுதலை அக்கரையில் இருக்கிறது. வறுமையும் சாதிக் கொடுமையும் தீண்டாத நாடு அது என்பது நம்பிக்கை. தோட்டத்தில் ஆண்டுகள் சில கழிந்ததும், அதே விடுதலை நாகப்பட்டினத்துக் கரைக்குத் திரும்பிவிடுகிறது. விடியுமுன் பெரட்டுக்கு ஓடுபவளுக்கு, விட்டுவந்த ஊரே விடுதலையாகத் தோன்றுகிறது.

இம்மாற்றத்திற்குக் காரணம் உண்டு. கங்காணி முறையில் வந்தவர், ஒரு மாத முன்னறிவிப்புத் தந்து வேலையை விடலாம் என்றது சட்டம். வேலையை விட்டால் லயத்து வீடும் போகும். கடனுக்குச் சாமான் தந்த கடையும் பல இடங்களில் கங்காணியுடையதே. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவவில்லை.

1938இல் இந்திய அரசு, உதவி பெற்றுத் தொழிலாளர் மலாயா செல்வதைத் தடை செய்தது. 1942-43இல் சயாம்-பர்மா இருப்புப் பாதை வேலைக்குத் தோட்டத் தமிழர் பல்லாயிரவர் கொண்டு செல்லப்பட்டனர். திரும்பாதவரை எண்ணிப் பெண்கள் ஒப்பாரி பாடினர். அதே 1943இல் நேதாஜி சிங்கப்பூரில் தற்காலிக அரசை நிறுவினார். தோட்டத்து ஆண்களும் பெண்களும் அவர் படையில் சேர்ந்தனர். தனி ஒருவர் ஏக்கமாக இருந்த விடுதலை, பலர் கூடிக் கேட்கும் உரிமையாயிற்று. 1957இல் மலாயா விடுதலை பெற்றபின், ஊர் திரும்பாதோர் புதுவாழ்வை இம்மண்ணிலேயே தேடினர்.

வாய்மொழிப் பாடல் பாடுவோர்தோறும் மாறும். ஆதலின் அதனை ஆண்டுக் கணக்கிற்குச் சான்றாகக் கொள்ளல் ஆகாது. மக்கள் மனத்திற்குச் சான்றாகக் கொள்ளலாம். தோட்டத் துண்டாடலாலும் பின்னர் ரப்பர் நின்ற நிலத்தில் செம்பனை வந்ததாலும் லயங்கள் பல மறைந்தன. அங்கே பாடியவரும் அருகி வருகின்றனர். தமிழாசிரியர்கள் தம் மாணவரைக் கொண்டு, வீட்டு முதியோர் பாடுவனவற்றைத் தோட்டத்தின் பெயரோடு எழுதி வைப்பார்களாக. அறிக்கைகள் விட்ட இடத்தை நிரப்ப வேறு சான்று இல்லை.