சரக்கு முறுக்கா, செட்டியார் முறுக்கா? கோல்ஃப் சாமான்கள் பெயர் வாங்கிய வரலாறு

பழைய மாணவச் செல்வங்களே, உறவுகளே, இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். ஞாயிற்றுக்கிழமைதானே, காபி குடித்துக்கொண்டே பொறுமையாகப் படியுங்கள்.

இன்றைய பாடம் கோல்ஃப். நம்மில் பெரும்பாலோர் அந்த மட்டையைத் தொட்டுக்கூடப் பார்த்ததில்லை. நானும்தான். பிறகு எதற்கு கோல்ஃப் என்று கேட்பீர்கள். காரணம் இருக்கிறது. கத்தரிக்காய் வாங்கினால் சொத்தையா நல்லதா என்று கையில் எடுத்துப் பார்த்தாலே தெரிந்துவிடும். கோல்ஃப் பந்து அப்படியல்ல. எல்லாம் ஏறக்குறைய ஒரே அளவு, பெரும்பாலும் வெள்ளை. உள்ளே என்ன இருக்கிறது என்று வாங்குகிறவருக்குத் தெரியாது. அடி தவறினால் குற்றம் பந்தின் மேலா, மட்டையின் மேலா, தன் கையின் மேலா என்பதும் தெரியாது. இப்படிக் கண்ணால் சோதிக்க முடியாத பொருளை வாங்கும்போது மனிதர்கள் பெயரை நம்புகிறார்கள். அதனால்தான் ஒரு பெயர் எப்படிப் பிறக்கிறது, எதனால் நிற்கிறது, எப்போது விழுகிறது என்று படிக்க இது நல்ல பாடம்.

"சரக்கு முறுக்கா, செட்டியார் முறுக்கா" என்று நம் பெரியவர்கள் கேட்பார்கள். விலை ஏறி நிற்பது பொருளின் தரத்தாலா, விற்பவரின் மிடுக்காலா என்பது பொருள். அந்தக் கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு நூற்றாண்டைக் கடந்து வருவோம்.

1. இரவல் புகழ்

மிகப் பழைய காலத்தில் கோல்ஃப் பந்து என்றால் தோல் உறைக்குள் இறகைத் திணித்துத் தைத்தது. 1848 வாக்கில் 'கட்டாபெர்ச்சா' பந்து வந்தது. கட்டாபெர்ச்சா என்பது மலேயாக் காட்டு மரம் ஒன்றின் பால். சூடாக்கி உருட்டிக் குளிரவைத்தால் கெட்டிப் பந்து தயார். விலையும் குறைவு. ஐம்பது ஆண்டுகள் அதுதான் ஆட்சி செய்தது.

அமெரிக்காவில் ஆல்பர்ட் ஸ்பால்டிங் என்ற பேஸ்பால் வீரர் 1876இல் சிகாகோவில் விளையாட்டுச் சாமான் கடை தொடங்கினார். அது பெரிய நிறுவனமாக வளர்ந்தது. 1900ஆம் ஆண்டு அந்த நிறுவனம் ஒரு காரியம் செய்தது. இங்கிலாந்தின் ஓபன் போட்டியை அதற்குள் மூன்று முறை வென்றிருந்த ஹாரி வார்டனை அமெரிக்கா முழுவதும் சுற்றி ஆட வைத்தது. கூடவே 'வார்டன் ஃப்ளையர்' என்று அவர் பெயரிலேயே ஒரு பந்தை விற்றது. பாஸ்டன் நகரில் ஒரு பெரிய கடைக்குள் வலை கட்டி, அதில் பந்தடித்துக் காட்டினார் வார்டன். அந்த ஆண்டு அமெரிக்க ஓபன் போட்டியையும் அவரே வென்றார். விளம்பரத்துக்கு வேறென்ன வேண்டும்?

ஆனால் அந்தப் பந்தின் காலம் முடியப்போகிறது என்பதற்கான அறிகுறி ஏற்கெனவே தோன்றிவிட்டது. 1898இல் ஓஹியோ மாநிலத்தில் கோபர்ன் ஹாஸ்கல் என்பவர், குட்ரிச் ரப்பர் ஆலையில் இருந்த தன் நண்பரோடு சேர்ந்து புதுப் பந்து ஒன்றை உருவாக்கினார். ரப்பர் நூலை இழுத்து இழுத்து, நூல்கண்டு போல இறுக்கிச் சுற்றி, மேலே கட்டாபெர்ச்சா உறை போட்ட பந்து. இழுபட்ட ரப்பர் அடி வாங்கியதும் துள்ளும். பந்து இன்னும் தூரம் போகும். 1902இல் இங்கிலாந்தின் ஓபன் போட்டியில் சாண்டி ஹெர்ட் இந்தப் பந்தால் ஆடி வென்றார். ஒரே ஓர் அடி பின்தங்கி இரண்டாம் இடத்தைப் பகிர்ந்துகொண்டவர்களில் ஒருவர் யார் தெரியுமா? அதே ஹாரி வார்டன்.

சில ஆண்டுகளில் கட்டாபெர்ச்சா பந்து மறைந்தது. வார்டன் ஃப்ளையரும் அதோடு போயிற்று. வார்டனின் புகழோ குறையவில்லை. மொத்தம் ஆறு முறை ஓபன் வென்றார். பூவோடு சேர்ந்த நாரும் மணக்கும் என்பது உண்மைதான். ஆனால் மணம் பூவுடையது; நார் அதை இரவல் வாங்கியிருக்கிறது, அவ்வளவே.

2. எக்ஸ்ரே எடுத்த பந்து

அடுத்த கதை 1930களில், மாசசூசெட்ஸ் மாநிலத்தில் நடந்தது. அங்கே ஃபில் யங் என்பவர் 1910 முதல் அக்குஷ்நெட் என்ற ரப்பர் நிறுவனம் நடத்திவந்தார். எம்.ஐ.டி.யில் படித்தவர். ஒரு நாள் பல் மருத்துவரான நண்பரோடு கோல்ஃப் ஆடும்போது, சரியாகத் தட்டிய பந்து குழிக்குள் போகாமல் விலகி ஓடியது. யாராக இருந்தாலும் கையைக் குறை சொல்லிவிட்டு அடுத்த குழிக்குப் போயிருப்பார்கள். இவருக்கோ பந்தின் மேல் சந்தேகம். அந்தப் பல் மருத்துவரைக் கொண்டு பந்துக்கு எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார். உள்ளே இருந்த மையக்கரு நடுவில் இல்லை, ஒதுங்கி இருந்தது. கரு ஒதுங்கிய பந்து நேராக உருளுமா?

தன்னோடு படித்த ஃப்ரெட் பாமர் என்ற பொறியாளரைச் சேர்த்துக்கொண்டு, நூலை ஒரே சீராகச் சுற்றும் இயந்திரம் செய்ய அவருக்குச் சில ஆண்டுகள் பிடித்தன. 1935இல் 'டைட்டிலிஸ்ட்' பந்து சந்தைக்கு வந்தது. பட்டம் வென்றவர் என்பதற்கான ஆங்கிலச் சொல்லிலிருந்து வந்த பெயர். பந்தின் மேல் ஓடும் அந்தச் சாய்வெழுத்து விளம்பரக் கம்பெனி வரைந்ததல்ல. அலுவலகத்தில் கையெழுத்து அழகாக இருந்த ஹெலன் ராபின்சன் என்ற செயலாளரை ஒரு தாளில் எழுதச் சொன்னார்கள், அதுவே சின்னமாகிவிட்டது. நல்ல கையெழுத்து வேண்டும் என்று உங்களைப் படாதபாடு படுத்தினேனே, அது வீண்போகாது!

இங்கே விற்றது என்ன? 'எங்கள் பந்து ஒவ்வொன்றையும் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துத்தான் அனுப்புகிறோம்' என்ற உறுதி. வாங்குகிறவர் கண்ணுக்குத் தெரியாத இடத்தை அவர் சார்பில் கம்பெனியே பார்த்துவிடுகிறது. பந்தை எல்லாக் கடைகளுக்கும் கொடுக்காமல், கோல்ஃப் மைதானங்களில் பயிற்சியாளர்கள் நடத்தும் கடைகள் வழியாக மட்டுமே விற்றார்கள். விளையாட்டைக் கற்றுத்தருகிறவரே கையில் எடுத்துக் கொடுக்கும்போது நம்பிக்கை இரட்டிப்பாகும் அல்லவா?

3. ஓசையே பெயராக

கார்ஸ்டன் சோல்ஹைம் 1911இல் நார்வேயில் பிறந்தவர். குழந்தையாக இருந்தபோதே குடும்பம் அமெரிக்கா வந்தது. அப்பா செருப்புத் தைப்பவர். பண வசதி இல்லாமல் கல்லூரிப் படிப்பு நின்றுபோக, கார்ஸ்டனும் அதே தொழில் செய்தார். பிறகு தொழில்நுட்பம் கற்று, ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தில் பொறியாளரானார். 42 வயதில்தான் கோல்ஃப் பழகினார். குழிக்கருகே பந்தை மெல்லத் தட்டி உருட்ட ஒரு தனி மட்டை உண்டு. அதன் பெயர் பட்டர் (நம் வெண்ணெய் இல்லை!). அதுதான் அவருக்குச் சரிவரவில்லை.

பொறியாளர் அல்லவா, காரணம் தேடினார். மட்டையின் நடுவில் படாமல் ஓரத்தில் பந்து பட்டால் மட்டை முகம் திரும்பிவிடுகிறது. கழைக்கூத்தாடி கையில் நீண்ட கம்பு வைத்திருப்பது ஏன்? எடை இரு பக்கமும் தள்ளி இருந்தால் சட்டென்று திரும்பாது. அதே தத்துவம்தான். எடையை நடுவிலிருந்து எடுத்து இரு முனைகளுக்குத் தள்ளி, 1959இல் கலிஃபோர்னியாவில் தன் வீட்டுக் கார் கொட்டகையில் ஒரு பட்டர் செய்தார். பந்தில் பட்டதும் அது 'பிங்' என்று ஒலித்தது. அந்த ஓசையையே பெயராக வைத்துவிட்டார்.

1966இல் இன்னொரு பட்டருக்கான யோசனை தோன்றியபோது கையில் கிடைத்தது ஒரு கிராமஃபோன் தட்டின் உறை. அதில் வரைந்தார். தம் சிக்கலுக்கு விடை என்னும் பொருளில் 'ஆன்சர்' என்று பெயரிடச் சொன்னார் மனைவி லூயிஸ். ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்குள் ஒலிக்காத டபிள்யூ ஒன்று உண்டு. மட்டையில் பொறிக்க இடம் போதவில்லை. டபிள்யூவை எடுத்துவிட்டால் போயிற்று என்று அதற்கும் வழி சொன்னவர் லூயிஸ்தான். என் வகுப்பில் அப்படி எழுதியிருந்தால் சிவப்பு மையால் சுழித்திருப்பேன். 1967இல் ஜூலியஸ் போரோஸ் ஃபீனிக்ஸ் ஓபன் போட்டியை அந்த மட்டையால் வென்றார். அதே ஆண்டு சோல்ஹைம் வேலையை விட்டுவிட்டு முழுநேரத் தொழிலில் இறங்கினார். பின்னாளில் எத்தனையோ கம்பெனிகள் அந்த வடிவத்தை நகல் எடுத்தன.

பிங் பட்டரால் யாராவது பெரிய போட்டியை வென்றால், அதே போல இரண்டு பட்டர்களுக்குத் தங்கமுலாம் பூசுவார்கள். ஒன்று வென்றவருக்கு, மற்றொன்று கம்பெனியின் காப்பறைக்கு. இதுவும் விளம்பரம்தான், ஐயமில்லை. ஆனால் வார்டன் கதைக்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தைப் பாருங்கள். வார்டன் ஃப்ளையரில் புகழ் முதலில் வந்தது, பொருள் பின்னால் ஒட்டிக்கொண்டது. இங்கே பொருள் முதலில் வந்தது, புகழ் அதைத் தேடி வந்தது.

4. பீரங்கியின் பெயர்

எலி கேலவே என்பவர் பெரிய ஜவுளி நிறுவனம் ஒன்றின் தலைவராக இருந்து விலகி, திராட்சைத் தோட்டம் போட்டு ஒயின் தயாரித்தவர். அதையும் விற்றுவிட்டு, 1980களின் தொடக்கத்தில், 60 வயதைக் கடந்த பிறகு, ஒரு சின்னக் கோல்ஃப் மட்டைக் கம்பெனியை வாங்கினார். ஓய்வு பெற்ற நண்பர்கள் இந்த வயதைக் குறித்துக்கொள்ளவும்.

தூரம் அடிக்கும் மட்டையை டிரைவர் என்பார்கள். நெடுங்காலம் அதன் தலை நம் கருங்காலி இனத்தைச் சேர்ந்த பெர்சிமன் மரத்தால் ஆனது. 1979இல் கேரி ஆடம்ஸ் என்பவர் டெய்லர்மேட் நிறுவனத்தைத் தொடங்கி எஃகுத் தலையைப் பரப்பினார். 1991இல் கேலவே அந்த எஃகுத் தலையை வழக்கத்தைவிடப் பெரிதாக்கி விற்றார். பெயர் 'பிக் பெர்த்தா'. முதல் உலகப்போரில் ஜெர்மானியர் பயன்படுத்திய மாபெரும் பீரங்கியின் செல்லப்பெயர் அது. சிரிக்க வைக்கிற பெயர். ஒருமுறை கேட்டால் மறக்காது.

ஆனால் பெயர் மட்டும் இந்த வேலையைச் செய்யவில்லை. மற்றவர்கள் சாம்பியன்களைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தபோது, இவர் ஞாயிற்றுக்கிழமை ஆடும் சாதாரண மனிதரைப் பார்த்துப் பேசினார். தலை பெரிதானால் சற்றுத் தவறி அடித்தாலும் பந்து ஓரளவு நேராகப் போகும். வாங்கியவர் முதல் நாளே அதை உணர்ந்தார், பக்கத்து நண்பரிடம் சொன்னார். அடுத்த ஆண்டே கம்பெனி நியூயார்க் பங்குச் சந்தைக்கு வந்துவிட்டது.

5. மறுபடி ஒரு சாம்பியன்

1996இல் டைகர் உட்ஸ் தொழில்முறை ஆட்டத்துக்கு வந்தபோது நைக் நிறுவனம் அவரோடு ஒப்பந்தம் செய்தது. 2000ஆம் ஆண்டு அவர் நைக் பந்துக்கு மாறினார். நூல் சுற்றாத, கெட்டிக் கரு கொண்ட பந்து. தயாரித்துக் கொடுத்தது ஜப்பானின் பிரிட்ஜ்ஸ்டோன் ரப்பர் நிறுவனம்; மேலே இருந்தது நைக் பெயர். அந்த ஜூன் மாதம் அமெரிக்க ஓபனை 15 அடி வித்தியாசத்தில் வென்றார் உட்ஸ்.

இப்போது டைட்டிலிஸ்ட் என்ன செய்தது என்று கவனியுங்கள். நூல் சுற்றிய பந்தால் பெயர் வாங்கிய கம்பெனி அது. அதே அக்டோபரில் 'ப்ரோ வி1' என்ற கெட்டிக் கருப் பந்தைக் கொண்டுவந்தது. லாஸ் வேகாஸில் நடந்த முதல் போட்டியிலேயே 47 வீரர்கள் அதற்கு மாறினார்கள். நூலைக் கைவிட்டார்கள், சோதித்து அனுப்பும் வழக்கத்தைக் கைவிடவில்லை. அவர்கள் கொடுத்திருந்த வாக்கு, ஒரு பந்தைப் போலவே மறு பந்தும் இருக்கும் என்பது. அந்த வாக்கைக் காப்பாற்றினார்கள், பெயர் தப்பியது.

நைக்கோ? 2005 மாஸ்டர்ஸ் போட்டியில் 16ஆம் குழியில் உட்ஸ் அடித்த பந்து விளிம்பில் வந்து ஒரு கணம் நின்றது. தொலைக்காட்சியில் அந்த நைக் குறி பளிச்சென்று தெரிந்தது. பிறகு உள்ளே விழுந்தது. எத்தனை கோடி கொடுத்தாலும் வாங்க முடியாத விளம்பரம். இருந்தும் 2016 ஆகஸ்டில், மட்டை, பந்து, பை செய்வதை நிறுத்துவதாக நைக் அறிவித்தது. காலணியும் உடையும் மட்டும் தொடர்ந்தன. உலகின் தலைசிறந்த ஆட்டக்காரரைப் பார்த்து ரசித்தவர்களில் போதுமான பேர் அந்த மட்டையை வாங்கவில்லை.

ஒன்றை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். எல்லாக் கம்பெனியும் வீரர்களுக்குப் பணம் கொடுக்கிறது, டைட்டிலிஸ்ட் உட்பட. 'அதிகம் பேர் பயன்படுத்துவது எங்கள் பந்து' என்ற எண்ணிக்கையும் விளம்பரமே. விளம்பரமே கூடாது என்பதல்ல என் கட்சி. வீரரின் முகம் கூட்டத்தைக் கடை வாசல் வரை கூட்டிவரும். அடுத்த முறையும் அவர்கள் வரவேண்டுமானால், முதல் முறை வாங்கியதில் ஒரு சங்கடம் தீர்ந்திருக்க வேண்டும்.

உங்களில் பலர் இன்று சொந்தத் தொழில் செய்கிறீர்கள். ஒருவர் மாவு அரைத்து விற்கிறார், ஒருவர் பனியன் தைக்கிறார், ஒருவர் பம்புசெட் பழுது பார்க்கிறார். கடன் வாங்கிப் பெரிய பலகை வைக்கும் முன், பிரபலமான முகத்துக்குப் பணம் கட்டும் முன், உங்கள் பொருளில் ஒதுங்கிய கரு எது என்று எக்ஸ்ரே எடுத்துப் பாருங்கள். வாடிக்கையாளருக்குத் தெரியாத இடத்தில் நீங்கள் என்ன சோதிக்கிறீர்கள் என்பதை அவருக்குச் சொல்லுங்கள். அதுவே நல்ல விளம்பரம்.

பெற்றோராக இருப்பவர்களுக்கும் ஒன்று. பிள்ளைக்குக் கிரிக்கெட் மட்டை வாங்கும்போது ஸ்டிக்கருக்கு எவ்வளவு, மரத்துக்கு எவ்வளவு என்று பிள்ளையையே கணக்குப் போடச் சொல்லுங்கள். பெரிய வீரர்களின் மட்டையில்கூட ஒட்டியிருக்கும் பெயர் ஒன்றாகவும் செய்தவர் வேறொருவராகவும் இருப்பதுண்டு.

உங்கள் கடைக்கோ தொழிலுக்கோ பெயர் வந்த கதையை எனக்கு எழுதுங்கள். யார் வைத்தது, ஏன் வைத்தது, எந்த வாடிக்கையாளர் முதலில் திரும்பி வந்தார் என்று விவரமாக எழுதவேண்டும். எழுத்துப்பிழை இருந்தாலும் பரவாயில்லை. லூயிஸ் அம்மாளை நினைத்து விட்டுவிடுகிறேன்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்