பூகம்பத்தை உயரமான கட்டடங்கள் எப்படித் தாங்குகின்றன?

2024 ஏப்ரல் 3 அன்று காலை தைவானின் ஹுவாலியன் பகுதியில் 7.4 அளவுள்ள பூகம்பம் ஏற்பட்டது. அங்கே கட்டடங்கள் சாய்ந்து கிடந்த படங்களை நாம் செய்திகளில் பார்த்தோம். தலைநகரில் உள்ள 508 மீட்டர் உயர 'தைபே 101' கோபுரமோ ஆடியது, ஆனால் விழவில்லை.

அந்தக் கோபுரத்தின் உச்சிப் பகுதியில் 660 டன் எடையுள்ள இரும்பு உருண்டை ஒன்று வடங்களில் தொங்குகிறது. கட்டடம் ஒரு பக்கம் சாய்ந்தால் அது எதிர்ப்பக்கமாக இழுத்து ஆட்டத்தைக் குறைக்கும். கட்டடத்தைக் காப்பாற்றியதே இந்த உருண்டைதான் என்று பலர் வாட்ஸ்அப்பில் பகிர்கிறார்கள். அது சரியல்ல. புயல் காற்றில் மேல்தளங்கள் ஆடி, உள்ளே இருப்பவர்களுக்குத் தலைசுற்றாமல் இருக்கவே முக்கியமாக அது வைக்கப்பட்டது. கோபுரம் பாதி எழும்பியிருந்தபோதே, 2002 மார்ச் 31 அன்று ஒரு பூகம்பம் வந்தது. கட்டுமான கிரேன்கள் கீழே விழுந்து ஐந்து பேர் இறந்தார்கள். உருண்டை மாட்டப்படாத அந்த நாளிலும் கட்டடத்தின் எலும்புக்கூடு தப்பித்தது.

தாங்கியது எஃகுச் சட்டகம்தான். கான்கிரீட் நிரப்பிய எட்டு பிரம்மாண்டமான எஃகுத் தூண்கள் வெளிப்புறத்தில் நிற்கின்றன. குறுக்குச் சட்டங்கள் அவற்றை நடுப்பகுதியோடு பிணைக்கின்றன. எஃகு உடைவதற்கு முன் வளையும். அப்படி வளையும்போது பூகம்பத்தின் சக்தியை விழுங்கிக்கொள்ளும். பீம் முதலில் வளைய வேண்டும், தூண் கடைசிவரை நிற்க வேண்டும் என்பதே பொறியாளர்களின் கணக்கு.

உயரமே ஆபத்து என்று நாம் நினைக்கிறோம். ஆனால் உயரமான கட்டடம் மெதுவாக ஆடும். தைபே 101 ஒருமுறை ஆடி முடிக்க ஏறத்தாழ ஏழு விநாடிகள் ஆகும். நிலமோ பெரும்பாலும் அதைவிட வேகமாக அதிரும். இரண்டின் தாளமும் ஒன்றானால்தான் ஆட்டம் பெருகும். 1985 செப்டம்பர் 19 அன்று மெக்சிகோ நகரின் பழைய ஏரிப்படுகை மண் சுமார் இரண்டு விநாடிக்கு ஒருமுறை ஆடியது. அதில் அதிகம் நொறுங்கியவை 6 முதல் 15 மாடி வரையிலான கட்டடங்கள். 1956இல் திறக்கப்பட்ட 44 மாடி லத்தீனோஅமெரிக்கானா கோபுரம் அதே நகரில் அப்படியே நின்றது.

2023 பிப்ரவரி 6 அன்று துருக்கியில் 50,000க்கும் அதிகமானோர் உயிரிழந்தார்கள். அங்கே இடிந்தவற்றில் பெரும்பாலானவை வானளாவிய கோபுரங்கள் அல்ல, சாதாரண அடுக்குமாடி வீடுகள். மட்டமான கான்கிரீட், தூண் கம்பிகளைச் சுற்றி இடைவெளி விட்டுக் கட்டிய ரிங், கடைக்கு இடம் வேண்டி பலவீனமாக விடப்பட்ட தரைத்தளம் ஆகியவையே பல இடங்களில் காரணம். அதே நாளில், நழுவும் தாங்கிகளின் மேல் கட்டப்பட்ட அதானா நகர மருத்துவமனை தொடர்ந்து இயங்கியது. கீழே நிலம் நகர்ந்தபோது, மேலே இருந்த நோயாளிகளை அந்த ஆட்டத்தின் சிறு பகுதிதான் எட்டியது.