கேள்விக்கு முந்திய தலைப்பு: உறைவிடப் பயிற்சிக்குள் மருத்துவ ஆய்வின் இடம்

மருத்துவப் பட்டம் பெற்றபின் ஒரு சிறப்புத் துறையில் தேர்ச்சி பெறுவதற்காக மருத்துவமனையில் முழுநேரமும் பணிபுரிந்துகொண்டே கற்கும் மருத்துவர் உறைவிட மருத்துவர் எனப்படுகிறார். அமெரிக்காவின் பால்டிமோரில் 1889இல் திறக்கப்பட்ட ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் வில்லியம் ஆஸ்லரும் வில்லியம் ஹால்ஸ்டெட்டும் செப்பனிட்ட இம்முறை, இன்று இந்தியாவில் எம்.டி., எம்.எஸ். பயிலும் மூன்றாண்டுப் படிப்பின் வடிவில் நிலைபெற்றிருக்கிறது. வார்டில் ‘பி.ஜி.’ என்று அழைக்கப்படும் இம்மாணவர் நோயாளியைப் பார்க்க வேண்டும், தேர்வுக்குப் படிக்க வேண்டும், இளையோருக்குக் கற்பிக்க வேண்டும். இவற்றோடு ஓர் ஆய்வேடும் எழுதியாக வேண்டும். இந்தக் கடைசிக் கடமை குறித்து இரண்டு கருத்துகள் அடிக்கடி மோதுகின்றன. ஆய்வேடு வீண் சடங்கு, அதை எடுத்துவிட்டால் மாணவர் சிகிச்சையாவது ஒழுங்காகக் கற்பார் என்பது ஒன்று; கட்டாயத்தை இன்னும் இறுக்கி, இதழில் வெளியிட்டால்தான் தேர்வு எழுதலாம் என்று ஆக்க வேண்டும் என்பது மற்றொன்று. நோய்க்கூறு கட்டாயத்தில்தான் இருக்கிறது என்றோ, அது போதாததில் இருக்கிறது என்றோ கொள்ளும் இவ்விரு தரப்பும் கால வரிசையைக் கவனிக்கத் தவறுகின்றன. வார்டிலிருந்து ஒரு கேள்வி பிறப்பதற்கு முன்பே தலைப்பு கேட்கப்படுகிறது; கேள்வி பிறக்கும் காலத்திலோ அதைத் தொடர நேரம் தரப்படுவதில்லை. பிழையின் வேர் அங்கேதான் உள்ளது.

பயிற்சியில் இருக்கும் மருத்துவர் ஒருவர் அந்நிலையிலேயே பெருங்கண்டுபிடிப்பு நிகழ்த்தியதற்கு ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் நடந்தது தெளிவான சான்று. ராயல் பெர்த் மருத்துவமனையில் நோய்க்குறியியல் வல்லுநராக, அதாவது உடலிலிருந்து எடுத்த திசுக்களை நுண்ணோக்கியில் ஆராய்பவராக, இருந்த ராபின் வாரன், 1979 முதலே இரைப்பை அழற்சி கொண்டோரின் திசுத் துணுக்குகளில் வளைந்த வடிவிலான பாக்டீரியாக்களைக் கண்டுவந்தார். அமிலம் நிறைந்த இரைப்பையில் எந்த நுண்ணுயிரும் நிலைத்து வாழாது என்பது அன்றைய பாடம் என்பதால் அவர் சொன்னதை ஏற்பார் இல்லை. நோயாளிகளை நேரில் காணும் மருத்துவர் ஒருவரின் துணையின்றி, கண்ணாடி வில்லையில் தெரிவது நோயோடு தொடர்புடையதா என்று அவரால் சொல்லவும் இயலவில்லை. 1981இல் பொது மருத்துவப் பயிற்சியின் இடையே இரைப்பை குடலியல் பிரிவுக்குச் சுழற்சி முறையில் வந்த பாரி மார்ஷல், அப்பயிற்சியில் எதிர்பார்க்கப்பட்ட ஆய்வுப்பணிக்குப் பொருள் தேடியபோது துறைத் தலைவரால் வாரனிடம் அனுப்பப்பட்டார். வாரன் வைத்திருந்த, அந்த பாக்டீரியா காணப்பட்ட நோயாளிகளின் பட்டியலில், தம் வார்டில் தாமே பார்த்திருந்த ஒரு பெண்மணியின் பெயரையும் மார்ஷல் கண்டார். கடும் வயிற்று வலியோடு வந்த அவருக்குச் சோதனைகளில் காரணம் எதுவும் புலப்படாததால் மனநல மருத்துவரிடம் அனுப்பிவைத்திருந்தார்கள்.

பின்னர் இருவரும் எண்டோஸ்கோப்பிக்கு வந்த 100 நோயாளிகளிடம் தொடர்ச்சியாகத் திசுத் துணுக்குகளைப் பெற்று, ஒரு பகுதியை நுண்ணோக்கிக்கும் மறு பகுதியை நுண்ணுயிர் வளர்ப்புக்கும் அனுப்பினர். முதல் முப்பதுக்கும் மேற்பட்ட மாதிரிகளில் எதுவும் வளரவில்லை; ஆய்வகத்தார் வழக்கமான தொண்டைச் சளி மாதிரிகளுக்குச் செய்வதைப் போலவே இரண்டு நாளில் வளர்ப்புத் தட்டுகளைக் கழித்துவிட்டிருந்தார்கள். 1982 ஏப்ரலில் ஈஸ்டர் விடுமுறையின்போது ஒரு தட்டு ஐந்து நாள் அடைகாப்புப் பெட்டியிலேயே கிடந்துவிட, மெல்ல வளரும் அந்த பாக்டீரியா முதன்முறையாகக் கண்ணுக்குப் புலப்பட்டது. பிற்காலத்தில் ஹெலிகோபாக்டர் பைலோரி எனப் பெயர் பெற்றது அதுவே. அந்த 100 பேரில் முன்சிறுகுடல் புண் இருந்த 13 பேரிடமும் அது காணப்பட்டது. அந்த நாள்களில் மார்ஷலின் சுழற்சி வேறு துறைக்கு மாறிவிட்டிருந்தது. ஆயினும் ஆய்வைக் கைவிடாமல், 1982இன் பிற்பகுதியில் மேற்கு ஆஸ்திரேலியாவின் வடக்கிலுள்ள போர்ட் ஹெட்லாண்ட் என்னும் சிறு துறைமுக ஊரில் பணியாற்றியபோது கிடைத்த ஓய்வில் தரவுகளைத் தொகுத்து எழுதத் தொடங்கினார். ஆஸ்திரேலிய இரைப்பை குடலியல் சங்கத்தின் மாநாட்டுக்கு அனுப்பிய சுருக்கம் ஏற்கப்படவில்லை. 1983இல் இருவரின் கடிதங்களும் 1984இல் முழுக் கட்டுரையும் ‘லான்செட்’ இதழில் வெளிவந்தன. 2005இல் நோபல் பரிசு கிடைத்தது. மார்ஷல் தாமே அக்கிருமியைக் குடித்துப் பார்த்த செய்தியையே உலகம் நினைவில் வைத்திருக்கிறது. ஆனால் கண்டுபிடிப்பின் இயக்கத்தை விளக்குவது அந்தத் துணிச்சல் இல்லை. அதற்கு முந்திய மூன்றாண்டுகளின் அமைப்பே.

அந்த அமைப்பில் முதலில் கண்ணில் படுவது, ஆய்வுப்பணி பயிற்சியின் பகுதியாக எதிர்பார்க்கப்பட்டது என்பதாகும். ஆகவே எதிர்பார்ப்பு என்பதே ஆய்வைக் கொல்லும் என்ற வாதம் நிற்பதில்லை. ஆனால் மார்ஷல் பயிற்சியின் மூன்றாம் ஆண்டில், வார்டில் போதிய அளவு குழம்பிய பிறகு, தலைப்பைத் தேடினார் என்பதும், விடை தெரியாத ஒரு கேள்வியை இரண்டாண்டுகளாகக் கையில் வைத்துக் கூட்டாளிக்குக் காத்திருந்த மூத்தவர் ஒருவரிடம் போய்ச் சேர்ந்தார் என்பதும் சேர்ந்தே நடந்தவை. பட்டியலில் தம் நோயாளியின் பெயரைக் கண்டு ஒருவர் திடுக்கிட வேண்டுமானால், அதற்குமுன் அந்நோயாளியைத் தாம் பார்த்திருக்க வேண்டும்.

இதே உண்மையை வேறொரு பரப்பில், அரசின் நிறுவன ஏற்பாட்டின் வழியாகக் காணலாம். அமெரிக்காவில் கொரியப் போரையொட்டி 1950இல் மருத்துவர்களுக்கெனத் தனிக் கட்டாய இராணுவச் சேவைச் சட்டம் வந்தது. பொதுச் சுகாதாரச் சேவையில் சேர்ந்து, பெதஸ்தாவிலுள்ள தேசிய சுகாதார ஆய்வு நிறுவனத்தில் ஆய்வுப் பயிற்சி பெறுவோர் இராணுவத்துக்குப் போக வேண்டியதில்லை என்ற வாய்ப்பும் அதனோடு அமைந்தது. 1953இல் திறக்கப்பட்ட அந்நிறுவனத்தின் ஆய்வு மருத்துவமனையில் நோயாளியின் கட்டிலும் ஆய்வகமும் ஒரே கட்டடத்தில் இருந்தன. வியட்நாம் போர்க் காலத்தில் நாட்டின் மிகச் சிறந்த இளம் மருத்துவர்கள் அங்கே இடம் பெறப் போட்டியிட்டனர். ஜோசப் கோல்ட்ஸ்டீன், மைக்கேல் பிரவுன், ஹெரால்ட் வார்மஸ், ராபர்ட் லெஃப்கோவிட்ஸ் ஆகிய நால்வரும் 1968இல் அங்கே சேர்ந்தவர்கள். நால்வருமே பின்னர் நோபல் பரிசு பெற்றனர்.

கோல்ட்ஸ்டீனும் பிரவுனும் பாஸ்டனின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் 1966 முதல் 1968 வரை உறைவிட மருத்துவர்களாக இருந்தபோதே நண்பர்களானவர்கள். பெதஸ்தாவில் ஒருவர் மார்ஷல் நிரன்பெர்க்கிடமும் மற்றவர் எர்ல் ஸ்டாட்மனிடமும் அடிப்படை உயிர்வேதியியல் கற்றுக்கொண்ட அதே காலத்தில், டொனால்ட் ஃப்ரெட்ரிக்சனின் வார்டில், பெற்றோர் இருவரிடமிருந்தும் குறைபாடுள்ள மரபணுவைப் பெற்று, இரத்தக் கொலஸ்ட்ரால் இயல்பைவிடப் பல மடங்கு உயர்ந்து, பத்து வயதுக்கு முன்பே மாரடைப்புக்கு ஆளாகும் சிறுபிள்ளைகளைக் கண்டனர். உணவும் மருந்தும் இவர்களிடம் ஏன் பலிக்கவில்லை என்ற வார்டுக் கேள்வியை எடுத்துக்கொண்டு டெக்சஸின் டாலஸ் நகருக்குச் சென்ற இருவரும், நோயாளிகளின் தோலிலிருந்து வளர்த்த செல்களைக் கொண்டு, இரத்தத்திலுள்ள கொலஸ்ட்ராலைப் பற்றி உள்ளிழுக்கும் ஏற்பியே அச்செல்களில் பழுதுபட்டிருக்கிறது என்று காட்டினர். 1985ஆம் ஆண்டின் நோபல் பரிசு அதற்கே. கேள்வி கட்டிலருகிலும் கருவி ஆய்வகத்திலும் இருந்தன. இரண்டும் ஒரே ஆளின் கையில் சேர்ந்தன. போரும் கட்டாயச் சேவையும் தற்செயலாக வழங்கிய அந்த இரண்டு மூன்று ஆண்டுகளே இச்சேர்க்கையைச் சாத்தியமாக்கின என்பது வரலாற்றின் முரண்.

திறமையுள்ளவர் எந்த ஏற்பாடும் இல்லாமலே சாதித்துக்கொள்வார் என்று வாதிடுவோர் வெர்னர் ஃபோர்ஸ்மானைச் சுட்டுவதுண்டு. ஜெர்மனியின் எபர்ஸ்வால்டே நகரில் 1929இல் அறுவைச் சிகிச்சைப் பயிற்சியில் இருந்த அந்த இளைஞர், மேலதிகாரி தடுத்தும் கேளாமல், தம் கை இரத்தநாளத்தின் வழியே சிறு குழாயை இதயம்வரை செலுத்திக்கொண்டு, மாடிப்படி இறங்கி எக்ஸ்-ரே அறைக்கு நடந்துபோய்ப் படம் எடுத்துக்கொண்டார். ஆனால் இக்கதையின் பிற்பகுதியைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. அவருக்கு ஆய்வுப் பணி எதுவும் கிடைக்கவில்லை. அவர் சிறுநீர்ப்பாதை மருத்துவராகிவிட்டார். அவர் காட்டிய வழியை நியூயார்க்கின் பெல்வியூ மருத்துவமனையில் ஆந்த்ரே கூர்நானும் டிக்கின்சன் ரிச்சர்ட்ஸும் 1940களில் எடுத்து வளர்க்கும்வரை இதய மருத்துவம் பத்தாண்டுக்கு மேல் காத்திருந்தது. மூவரும் சேர்ந்து 1956இல் நோபல் பரிசு பெற்றதால் அந்தத் தாமதம் இல்லை என்று ஆகிவிடாது.

அமெரிக்காவின் கட்டாயச் சேவை 1973இல் முடிந்தது. ஆறே ஆண்டுகளில், 1979இல், ஜேம்ஸ் வின்காடன் என்ற அமெரிக்க மருத்துவர், மருத்துவ ஆய்வாளர் என்போரை அழிந்துவரும் இனமாக வருணித்து எச்சரித்தார். 1964இலேயே தொடங்கியிருந்த எம்.டி., பிஎச்.டி. இணைப்புப் படிப்புகளோடு, உறைவிடப் பயிற்சியின் ஒரு பகுதியை ஆய்வுக்கென ஒதுக்கும் வழிகளும் அங்கே பின்னர் உருவாயின. பொது மருத்துவத்தில் அத்தகைய பாதையைத் தெரிந்தெடுப்பவர் இரண்டாண்டு சிகிச்சைப் பயிற்சிக்குப் பின் மூன்றாண்டு ஆய்வில் தம் நேரத்தில் 80 சதவீதத்தைச் செலவிடுகிறார். பிரிட்டனில் ஆய்வுசார் பயிற்சி மருத்துவருக்கு வேலைநேரத்தில் கால் பங்கு ஆய்வுக்கென்றே காக்கப்படுகிறது. இந்த அளவுகள் சரியா என்பதைப் பற்றி அந்நாடுகளிலேயே விவாதம் உண்டு. நேரம் எழுத்தில் ஒதுக்கப்பட வேண்டும் என்பதில் விவாதம் இல்லை.

இந்திய விதிகளைக் காலண்டரோடு சேர்த்துப் படித்தால் படம் மாறுகிறது. படிப்பு 36 மாதம். பல பல்கலைக்கழகங்களில் சேர்ந்த ஆறு மாதங்களுக்குள் ஆய்வேட்டின் திட்ட முன்வரைவைத் தந்துவிட வேண்டும். இறுதித் தேர்வுக்கு ஆறு மாதம் முன்பே ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க வேண்டும். எஞ்சுவது 24 மாதம். மாவட்ட மருத்துவமனைகளில் கட்டாயமாகப் பணியாற்ற வேண்டிய மூன்று மாதமும் இந்த இடைவெளிக்குள்ளேயே வருகிறது. நெறிமுறைக் குழுவின் ஒப்புதலுக்குக் காத்திருப்பதையும் கழித்தால், நோயாளிகளைச் சேர்க்கக் கிடைப்பது ஓராண்டுக்குச் சற்று மேல். முதல் ஆறு மாதத்தில் அந்த மாணவர் அநேகமாக இரத்தம் எடுப்பது, கேஸ் ஷீட் எழுதுவது, ஸ்கேன் அறைக்கும் இரத்த வங்கிக்கும் நடப்பது ஆகியவற்றிலேயே இருப்பவர். அவரிடம் கேள்வி இருக்க நியாயமில்லை என்பதால், தலைப்பு நெறியாளரிடமிருந்தோ முந்தைய ஆண்டின் ஆய்வேட்டிலிருந்தோ வருகிறது. ஒரு நோயின் பெயர், ஓர் இரத்த அளவீடு, இறுதியில் ‘மூன்றாம்நிலை மருத்துவமனையில் ஓர் ஆய்வு’ என்ற தொடர்: இந்த அச்சில் வார்க்கப்பட்ட தலைப்புகள் நூலக அடுக்குகளில் வரிசையாக நிற்கின்றன. நோயாளிகளின் எண்ணிக்கை ஐம்பது, நூறு என முழு எண்ணாகவே அமைவதற்குப் புள்ளியியலைவிடக் காலக்கெடுவே காரணம் என்பதை அத்துறையினர் அறிவர். மாணவரை இதில் குறை கூற இடமில்லை. விதி கேட்டதை அவர் கொடுக்கிறார்.

விளைவை அளந்தவர்களும் உண்டு. சமீரன் நந்தியும் உடனாய்வாளர்களும் 2005 முதல் 2014 வரையிலான பத்தாண்டு வெளியீடுகளைக் கணக்கிட்டு, 579 இந்திய மருத்துவ நிறுவனங்களில் 332, அதாவது 57.3 சதவீதம், ஒரு கட்டுரைகூட வெளியிடவில்லை என்றும், ஆண்டுக்கு 100 கட்டுரைக்கு மேல் வெளியிட்டவை 25 மட்டுமே என்றும் 2016இல் எழுதினர். முதுநிலைப் படிப்புள்ள கல்லூரிகளில் ஆண்டுதோறும் ஆய்வேடுகள் எழுதப்பட்டுக்கொண்டிருந்த நாட்டின் கணக்கு இது. வெளியீட்டைக் கட்டாயமாக்கினால் இந்த எண் உயரும் என்பதில் ஐயமில்லை. பணம் வாங்கிக்கொண்டு எதையும் அச்சிடும் இதழ்களின் வருமானமும் கூடவே உயரும்.

வார்டில் கேள்விகள் இல்லாமல் இல்லை. சிற்றுண்ணி இளம்புழுவின் கடியால் பரவும் ஸ்க்ரப் டைஃபஸ் காய்ச்சலைத் தமிழ்நாட்டு வார்டுகள் நன்கறியும். கடித்த இடத்தில் தோன்றும் கருநிறப் பொருக்கு நோயைக் காட்டிக்கொடுத்துவிடும், ஆனால் அது அக்குளிலும் தொடையிடுக்கிலும் மார்பின் அடியிலும் ஒளிந்திருப்பதால், கூட்டம் நிறைந்த வார்டில், ஆடை விலக்கிப் பார்க்க மறைப்பில்லாத நிலையில், தவறவிடப்படுகிறது. அதை யார், எந்த வேளையில், எந்த நோயாளியிடம் தவறவிடுகிறார்கள், ஒரு திரைச்சீலையும் பெண் செவிலியர் ஒருவரின் துணையும் அந்தத் தவறை எவ்வளவு குறைக்கும் என்று கேட்பதற்கு விலையுயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை. இரவு ட்யூட்டியில் மூன்று நாள் பழகிய காய்ச்சலை நான்காம் நாள் அந்தப் பொருக்கைக் கண்டு அடையாளம் தெரிந்துகொண்ட இரண்டாம் ஆண்டு மாணவருக்கே இக்கேள்வி தோன்றும். அப்போது அவருடைய தலைப்பு ஓராண்டுக்கு முன்பே பதிவாகிவிட்டிருக்கும்.

முன்கூட்டியே தலைப்பைப் பதிவு செய்யாவிட்டால் மாணவர் தள்ளிப்போட்டு இறுதியில் புனைந்து எழுதுவார் என்ற எதிர்வாதம் எளிதில் ஒதுக்கத் தக்கதன்று. ஆயின் அதற்கு மாற்று, முதலாண்டைக் கருவி கற்கும் ஆண்டாகக் கொள்வதே. சென்னையிலுள்ள தேசிய நோய்ப்பரவலியல் நிறுவனம் இணையவழி நடத்தும் மருத்துவ ஆய்வு அடிப்படைப் பாடம் முதுநிலை மாணவர்க்கு ஏற்கெனவே கட்டாயம். அதை முடித்தபின், முதலாண்டின் இறுதியில், வார்டில் எழுந்த மூன்று கேள்விகளை எழுத்தில் தந்து, அவற்றில் ஒன்றை நெறியாளரோடு தேர்ந்து கொண்டால், கெடுவும் இருக்கும், கேள்வியும் இருக்கும். எதிர்மறை முடிவு கிடைத்த ஆய்வேட்டுக்கும், சேர்க்கை போதாமல் நின்ற ஆய்வை நேர்மையாக விவரிக்கும் ஆய்வேட்டுக்கும் முழு மதிப்பெண் உண்டு என்பதும் விதியில் ஏறினால் புனைவுக்கான தூண்டுதல் தணியும்.

கடினமானது நேரம். 2014க்கு முன் சுமார் 31,000 ஆக இருந்த முதுநிலை இடங்கள் பத்தாண்டில் 70,000ஐத் தாண்டிவிட்டன. ஆனால் அரசு மருத்துவமனைகளில் முதுநிலை மாணவரே இரவுப் பணியின் முதுகெலும்பு என்ற நிலை மாறவில்லை. தொடர் பணி பொதுவாக நாளுக்கு 12 மணி நேரத்தையும் வாரத்துக்கு 48 மணி நேரத்தையும் மிஞ்சலாகாது என்று மத்திய அரசின் உறைவிடத் திட்டம் 1992இலேயே சொன்னது. 2023ஆம் ஆண்டின் தேசிய விதிகளோ எண் எதையும் குறிப்பிடாமல் ‘நியாயமான’ வேலைநேரம் என்பதோடு நிற்கின்றன. இந்நிலையில் ஒரு மாணவரை வாரத்தில் ஒருநாள் ஆய்வுக்கு விடுவித்தால் அவருடைய ட்யூட்டி பக்கத்து மாணவரின் தலையில்தான் விழும், அவருக்கும் ஓர் ஆய்வேடு உண்டு. ஆகவே ஆய்வுநேரம் பற்றிய விதி, அந்த நாளில் வார்டைப் பார்த்துக்கொள்ளும் முதுநிலை அல்லாத மருத்துவர் பணியிடங்களை எத்தனை, எந்தத் தலைப்பின் கீழ் ஊதியம் பெறுவனவாக உருவாக்குவது என்பதைச் சேர்த்தே சொல்ல வேண்டியிருக்கிறது. மருத்துவக் கல்லூரிக்கு அங்கீகாரம் தரும்போது கட்டில் எண்ணிக்கையையும் பேராசிரியர் எண்ணிக்கையையும் சரிபார்க்கும் ஆய்வுக் குழு, ட்யூட்டிப் பட்டியலையும் கேட்டு வாங்கிப் பார்ப்பதற்குத் தடை எதுவும் இல்லை.